அடுப்பில் சுட்ட வெர்மீர்: ஹான் வான் மேகரன் செய்த போலிகள்

கேள்வி இதுதான்: ஹிட்லருக்கு அடுத்த இடத்தில் இருந்த கோரிங்குக்கே, 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் பெயரில் போலி ஓவியம் விற்ற டச்சுக்காரர், முன்னூறு வருடப் பழசு என்று நிபுணர்களை நம்பவைத்தது எப்படி? அவரை நாட்டுப்பற்றாளர் என்று சொல்வது சரியா?

அவர் பெயர் ஹான் வான் மேகரன். 1889இல் நெதர்லாந்தின் டெவென்டர் ஊரில் பிறந்தவர். டெல்ஃப்டில் கட்டடக்கலை படித்தார். 1913இல் ஒரு தேவாலயத்தின் உட்புறத்தை வரைந்து கல்லூரியின் தங்கப் பதக்கமும் வாங்கினார். வரைவதில் தேர்ந்த கை. ஆனால் அவர் வரைந்ததெல்லாம் காலம் கடந்த பாணி என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். அந்தக் கோபத்தில்தான், அவர்களுக்குப் பாடம் புகட்டப் போலி செய்தேன் என்று பின்னாளில் சொன்னார். இந்தக் கதையை அப்படியே விழுங்க வேண்டாம். 1920களிலேயே தியோ வான் வைன்கார்டன் என்ற பழைய ஓவியங்களைச் செப்பனிடும் ஆளோடு அவருக்கு நெருங்கிய பழக்கம். அந்த வைன்கார்டன் கைவழியாக 1923இல் ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியரின் பெயரில் ஒரு போலி சந்தைக்கு வந்து, நிபுணர் ஒருவரின் சான்றிதழோடு விற்று, பிறகு மாட்டிக்கொண்டது. ஆக, பிற்காலத்தில் நடந்ததெல்லாம் ஏற்கெனவே தெரிந்த தொழிலின் தொடர்ச்சி.

அந்த ஹால்ஸ் போலி ஏன் மாட்டியது என்பதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை எளிதாகிவிடும்.

பழைய எண்ணெய் ஓவியத்தைச் சோதிக்க அன்றைய வணிகர்கள் கையாண்ட முதல் வழி மிகச் சாதாரணமானது. பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து ஒரு மூலையில் தேய்ப்பார்கள். நிறம் பஞ்சில் ஒட்டிக்கொண்டால் ஓவியம் புதிது. காரணம் ஆளிவிதை எண்ணெய். நிறமியை அந்த எண்ணெயில் குழைத்துத் தீட்டினால், தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாட்களில் வந்துவிடும்; ஆனால் உள்ளே முழுக்க இறுகி, ஆல்கஹாலுக்கு அசையாத படலமாக மாறப் பல பத்தாண்டுகள் ஆகும். வைன்கார்டன் இதைத் தாண்ட எண்ணெய்க்குப் பதில் ஜெலட்டின் பசையைப் பிடித்தார். ஆல்கஹாலுக்கு அது கரையாது. ஆனால் தண்ணீருக்குக் கரையும். யாராவது ஈரத்துணியால் துடைத்தால் கதை முடிந்தது. போதாக்குறைக்கு, 17ஆம் நூற்றாண்டில் இல்லாத செயற்கை நீல நிறமிகளும் அதில் இருந்தன.

எண்ணெய் ஓவியத்தை அடுப்பில் வைத்துச் சுட்டுச் சீக்கிரம் காயவைக்கலாமே என்றால், அதுவும் நடக்கவில்லை. ஆளிவிதை எண்ணெய் சூட்டில் பழுப்பேறும். வெள்ளை அழுக்கு மஞ்சளாகும், நீலம் மங்கும், படலத்தில் கொப்புளம் கிளம்பும். வெர்மீர் என்றாலே குளிர்ந்த வெளிச்சமும் தெளிந்த நீலமும்தான். அதைக் கெடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

1932இல் வான் மேகரன் பிரான்சின் தென்கரையில் ரோக்ப்ரூன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஏறத்தாழ நான்கு வருடம் இந்த ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டினார். விடை கிடைத்த இடம் ஓவியக் கடை அல்ல, தொழிற்சாலை. பேக்கலைட் என்ற பெயரை மின்சுவிட்சு, பழைய தொலைபேசி வழியாக நமக்குத் தெரியும். பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்து உண்டாகும் பிசின் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேக்லண்ட் என்ற பெல்ஜியத்தில் பிறந்த வேதியியலாளர் கண்டது. அதன் குணம் என்னவென்றால், சூடு பட்டதும் நிரந்தரமாக இறுகிவிடும். பிறகு ஆல்கஹாலுக்கும் கரையாது, தண்ணீருக்கும் கரையாது. வான் மேகரன் இந்தப் பிசினைக் கரைத்து, லைலாக், லாவெண்டர் போன்ற எளிதில் ஆவியாகும் எண்ணெயோடு சேர்த்து, அதில் நிறமியைக் குழைத்தார். அடுப்பில் வைத்தால் எண்ணெய் பறந்துவிடும். பழுப்பேற எண்ணெயே மிஞ்சாது. பிசின் மட்டும் நின்று நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடு 100 முதல் 120 டிகிரி செல்சியஸ், நேரம் சுமார் இரண்டு மணி. குறைந்தால் பிசின் முழுக்க இறுகாது, பஞ்சுச் சோதனையில் தோற்றுவிடும். கூடினால் நிறம் கருகும்.

சூடு மட்டும் போதாது. வேலையின் வரிசையைப் பாருங்கள்.

முதலில், அதிக விலை போகாத உண்மையான 17ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றை வாங்குவார். கேன்வாஸ், மரச்சட்டம், ஆணி எல்லாம் அந்தக் காலத்துச் சரக்காக இருக்க வேண்டும். பிறகு மேலிருந்த படத்தைத் தண்ணீரும் நுரைக்கல்லும் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுப்பார். முழுவதும் எடுக்கக் கூடாது, சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. அடிப்பூச்சு என்கிற கீழ்ப்படலத்தை மட்டும் விட்டுவைப்பார். முன்னூறு வருடத்தில் விழுந்த விரிசல் வலை அந்தப் படலத்தில் அப்படியே இருக்கும். புதிய படம் அதன்மேல் சுடப்பட்டதும், கேன்வாஸை ஓர் உருளைமேல் சுற்றி இப்படியும் அப்படியும் உருட்டுவார். கீழே இருந்த விரிசல் மேலே ஏறி வரும். நகத்தாலோ ஊசியாலோ கீறிய விரிசலை நிபுணன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். இது கீறியதல்ல, உள்ளிருந்து வந்தது.

அடுத்தது அழுக்கு. முன்னூறு வருட விரிசலுக்குள் தூசி படிந்து கறுத்திருக்கும். அதற்காக மெல்லிய வார்னிஷ் பூசி, அதன்மேல் மையைத் தடவி விரிசலுக்குள் இறங்கவிட்டு, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, பழுப்பு சேர்த்த வார்னிஷை இன்னொரு முறை பூசுவார். இரண்டொரு இடத்தில் வேண்டுமென்றே சேதம் செய்து, அதைப் பழைய காலத்தில் யாரோ செப்பனிட்டதுபோல் ஒப்பேற்றுவார்.

நிறமியிலும் கவனம். வெர்மீர் தாராளமாகப் பயன்படுத்திய நீலம், லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுத்தது. தங்கத்துக்கு நிகராக விலை பேசப்பட்ட சரக்கு. அதையே வரவழைத்தார். வெள்ளைக்கு ஈய வெள்ளை. நவீனத் தூரிகையின் மயிர் ஒன்று படத்தில் ஒட்டிக்கொண்டால்கூட ஆபத்து என்று, பேட்ஜர் என்னும் விலங்கின் மயிரில் தூரிகை கட்டிக்கொண்டார்.

இவ்வளவும் வேதியியல். இதை மட்டும் வைத்து அவர் கோடீஸ்வரர் ஆகியிருக்க முடியாது. ஏனென்றால் ஓவியமாகப் பார்த்தால் அந்தப் படங்கள் வெர்மீர்போல இல்லவே இல்லை. இமை வீங்கிய கண்கள், களிமண் பிடித்ததுபோன்ற முகங்கள், எலும்பில்லாத கைகள். இன்று பார்க்கிற யாருக்கும் ‘இதையா நம்பினார்கள்?’ என்று தோன்றும். வேடிக்கை என்னவென்றால், பயிற்சிக்காக அவர் செய்த இரண்டு படங்கள், இசைத்தாள் வாசிக்கும் பெண்ணும் இசைக்கருவி மீட்டும் பெண்ணும், வெர்மீருக்கு எவ்வளவோ நெருக்கமாக இருக்கின்றன. அவற்றை அவர் விற்கவே இல்லை. அசலைப்போல ஒரு படம் செய்தால், அசலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுவார்கள். ஒப்பிட எதுவுமே இல்லாத ஒரு வெர்மீரைத்தான் அவர் விற்க நினைத்தார்.

அப்படி ஓர் இடம் காலியாகவே இருந்தது. வெர்மீர் 1675இல் தமது 43ஆம் வயதில் இறந்தார்; அவருடையவை என்று ஏற்கப்பட்டவை சுமார் 35 ஓவியங்கள்தான். பெரும்பாலும் சன்னலோரம் ஒரு பெண், ஒரு கடிதம், ஒரு பால்குடம். ஆனால் 1901இல் ‘மார்த்தாள் மரியாள் வீட்டில் கிறிஸ்து’ என்ற பெரிய வேதாகமப் படம் ஒன்று அவருடையதாக வெளிப்பட்டது. இளம் வயதில் அவர் மதப் படங்கள் வரைந்திருக்கிறார், இத்தாலியப் பாணியின் பாதிப்பு இருந்திருக்கிறது, அப்படியானால் இடையில் இன்னும் சில படங்கள் காணாமல் போயிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த அறிஞர்களில் முதன்மையானவர் ஆபிரகாம் பிரேடியுஸ். 1937இல் அவருக்கு 82 வயது, மொனாக்கோவில் ஓய்வில் இருந்தார். வான் மேகரன் அந்தக் கணக்குக்குத் தக்க விடையை வரைந்து கொடுத்தார். உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊரில் சீடர்களோடு அமர்ந்து அப்பம் பிட்கும் காட்சி. அமைப்பு இத்தாலியரான கரவாஜ்ஜோவிடமிருந்து எடுத்தது. மேசைமேல் அப்பத்திலும் குடத்திலும் வெர்மீரின் அடையாளமான ஒளிப்புள்ளிகள். இடது மேல்மூலையில் கையெழுத்து.

அதை அவர் நேரில் கொண்டுபோகவில்லை. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரான போன் என்ற வழக்கறிஞரிடம் ஒரு கதையோடு ஒப்படைத்தார்: இத்தாலியில் வாழும் ஒரு பழைய டச்சுக் குடும்பத்தின் சொத்து, முசோலினி ஆட்சிக்குத் தெரியாமல் விற்க வேண்டும், பெயர் வெளியே வரக் கூடாது. நேர்மையான மனிதரான போன் அதை நம்பினார். ஓவியத்தின் பூர்வீகத்தை யாரும் கேட்க முடியாதபடி அந்தக் கதையே வாயடைத்துவிட்டது. பிரேடியுஸ் 1937 நவம்பரில் லண்டனின் ‘பர்லிங்டன் மேகசின்’ இதழில், வெர்மீரின் ஆகச் சிறந்த படைப்பே இதுதான் என்ற அளவுக்கு எழுதினார். ரெம்பிராண்ட் சங்கமும் செல்வந்தர்களும் சேர்ந்து 5,20,000 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கொடுத்து ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்துக்கு வாங்கித் தந்தார்கள்.

எல்லாரும் ஏமாந்தார்கள் என்பதும் சரியல்ல. டுவீன் என்ற பெரிய கலை வணிக நிறுவனத்தின் பாரிஸ் ஆள், 1937 அக்டோபரில் வங்கியில் வைத்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, படுமோசமான போலி என்று நியூயார்க்குக்குத் தந்தி அடித்தார். ஆனால் வணிகர்கள் இதை ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை, வாங்காமல் ஒதுங்கிவிடுவார்கள். மௌனம் போலிக்காரனுக்குச் சாதகம். ஒரு படம் அருங்காட்சியகத்தில் ஏறிவிட்டால் அதற்குப்பின் வேறொரு வசதியும் கிடைக்கிறது: அடுத்த போலியை உண்மையான வெர்மீரோடு ஒப்பிட மாட்டார்கள், முதல் போலியோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் அச்சாகப் பொருந்தும்.

போர் வந்ததும் தரம் சரிந்தது, விலை ஏறியது. குடி, மார்பின் என்ற போதைமருந்து இரண்டும் அவரைப் பிடித்திருந்த காலம். ‘கிறிஸ்துவின் தலை’, ‘கடைசி இராவிருந்து’, ‘யாக்கோபை ஆசீர்வதிக்கும் ஈசாக்கு’ என்று வரிசையாக வந்தன. நாட்டிலிருந்த அசல் வெர்மீர்கள் பாதுகாப்புக் கிடங்குகளில் முடங்கிக் கிடந்தன, ஒப்பிட வழியில்லை. 1943இல் ‘பாதம் கழுவுதல்’ படத்தை டச்சு அரசே 12 லட்சம் கில்டருக்குமேல் கொடுத்து வாங்கியது. பரிசீலித்த குழுவில் ஒருவர் போலி என்றே சொன்னார். மற்றவர்களுக்கும் படம் பிடிக்கவில்லை. ஆனாலும் ஜெர்மானியர் கையில் போய்விடக் கூடாதே என்ற பயம் ஜெயித்தது.

கோரிங்கிடம் போனது ‘கிறிஸ்துவும் விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணும்’. ஆம்ஸ்டர்டாமில் கடை நடத்திய அலோய்ஸ் மீடில் என்ற ஜெர்மானிய வங்கியாளர் வழியாக. விலை 16.5 லட்சம் கில்டர். கோரிங் அதைப் பணமாகக் கொடுக்காமல், தான் கொள்ளையிட்டுச் சேர்த்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகக் கொடுத்தார்.

போர் முடிந்ததும் நேசப்படைகள் கோரிங்கின் சேகரிப்பில் இந்த ‘வெர்மீரை’ கண்டெடுத்து, விற்றது யார் என்று பின்னோக்கிப் போய் வான் மேகரன் வீட்டுக் கதவைத் தட்டின. 1945 மே 29இல் கைது. தேசியப் பொக்கிஷத்தை எதிரிக்கு விற்றது அன்று உயிரையே வாங்கக்கூடிய குற்றம். ஆறு வாரம் வாய் திறக்காதவர், ஜூலை 12இல் எல்லாம் தன் கைவேலை என்று ஒப்புக்கொண்டார். ராட்டர்டாம் படத்தையும் சேர்த்தே சொன்னார். யாரும் நம்பவில்லை. உயிருக்குப் பயந்து உளறுகிறார் என்றார்கள். அதனால்தான் காவலில் வைத்தே ‘வேதபாரகர் நடுவில் சிறுவன் இயேசு’ என்ற படத்தை அவர் வரைந்துகாட்ட நேர்ந்தது. அது அவரால் முடியும் என்பதற்குத்தான் சான்று. பழைய படங்களையும் அவர்தான் செய்தார் என்று நிரூபிக்க அது போதாது. அந்த வேலை பெல்ஜிய வேதியியலாளர் பவுல் கோர்மன்ஸ் தலைமையில் அமைந்த குழுவுக்குப் போனது.

அவர்கள் கண்டவை: நிறப்படலத்தில் பீனால், பார்மால்டிஹைடு தடயம். மேல்படல விரிசல்கள் பல இடங்களில் அடிப்பூச்சு விரிசலோடு ஒத்துப்போகவில்லை. விரிசலுக்குள் இருந்தது தூசி அல்ல, மை. தூசி ஒருபோதும் போய்ச்சேராத நுண்ணிய பக்கவெடிப்புகளுக்குள்ளும் ஒரே சீராகப் பரவியிருந்தது. கோரிங் படத்தில் கோபால்ட் நீலம் அகப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில்தான் உருவான நிறமி அது. இயற்கை நீலம் என்று நம்பி வாங்கிய சரக்கில் யாரோ அதைக் கலந்து விற்றிருந்தார்கள். போலிக்காரருக்கே போலிச் சரக்கு. எக்ஸ்ரேயில் எம்மாவு படத்தின் அடியில் பழைய படத்தின் தலை ஒன்று தெரிந்தது. ஈய வெள்ளை கெட்டியாகப் பிடித்திருந்த இடம் அது. அழுத்தித் தேய்த்தால் கேன்வாஸ் கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். அந்தக் கேன்வாஸின் இடப்பக்கத்தைத் தான் வெட்டிக் குறைத்ததாகவும் சொல்லியிருந்தார். நீஸ் நகரில் அவர் விட்டுவந்த வீட்டில் கிடைத்த மரச்சட்டத் துண்டு, புழு அரித்த துளை உட்பட, படத்தின் சட்டத்தோடு பொருந்தியது.

1947 அக்டோபர் 29இல் விசாரணை. ஒரே நாளில் முடிந்தது. எதிரிக்கு உதவிய குற்றச்சாட்டு இல்லை, மோசடியும் பொய்க் கையெழுத்தும்தான். நவம்பர் 12இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. சிறைக்குப் போகுமுன் மாரடைப்பு. டிசம்பர் 30இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார்.

இனி நாட்டுப்பற்று. கோரிங்கை ஏமாற்றிப் பல டச்சு ஓவியங்களை மீட்டவர் என்ற பெயர் விசாரணைக் காலத்தில் ஒட்டிக்கொண்டது. அது அவரது நோக்கமாக இருந்ததற்குச் சான்றில்லை. அதே வருடங்களில் அதே போலிகளைச் சொந்த நாட்டு அரசுக்கும் சொந்த நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கும் விற்றவர் அவர். நாடு பட்டினி கிடந்த காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் வீடுமேல் வீடாக வாங்கிக் குவித்தார். இன்னொன்று: அவரது ஓவியத் தொகுப்பு நூலின் பிரதி ஒன்று பெர்லினில் ஹிட்லரின் அலுவலகத்தில் கிடைத்தது. அன்புக்குரிய தலைவருக்கு நன்றியோடு என்ற பொருளில் ஜெர்மன் வாசகமும் அவரது கையெழுத்தும் அதில் இருந்தன. கையெழுத்து மட்டுமே என்னுடையது, வாசகத்தை வேறு யாரோ எழுதினார்கள் என்றார். நம்புவது உங்கள் விருப்பம். நான் நம்பவில்லை.

அவர் இறந்த பிறகும் சர்ச்சை ஓயவில்லை. எம்மாவு படமும் ‘கடைசி இராவிருந்’தும் அசலே என்று பெல்ஜியரான தெகோவன் பிடிவாதமாக எழுதினார். பின்னதைப் பெரும் விலைக்கு வாங்கியிருந்த வான் பொய்னிங்கன் என்ற செல்வந்தர், தன் சொத்தின் மதிப்பைக் கெடுத்துவிட்டதாகக் கோர்மன்ஸ் மீதே வழக்குப் போட்டார். வழக்கு முடிவதற்குள் 1955இல் இறந்தார். தீர்ப்பு கோர்மன்ஸ் பக்கம்தான் வந்தது.

சந்தேகத்தை முற்றாக மூடியது அணு இயற்பியல். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கைஷ் செய்த சோதனை இது. ஈயத் தாதுவில் ரேடியம்-226 என்ற கதிரியக்கப் பொருள், அது சிதைந்து உண்டாகும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் இரண்டும் சமநிலையில் இருக்கும். தாதுவை உருக்கி ஈயம் எடுக்கும்போது ரேடியத்தில் பெரும்பகுதி கசடோடு போய்விடும்; ஈயம்-210 உலோகத்தோடு தங்கிவிடும். தாய்ச்சரக்கு இல்லாததால் அது 22 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மிஞ்சியிருக்கும் ரேடியத்தின் அளவோடு சமமாகும். முன்னூறு வருடம் என்றால் 13 முறைக்கு மேல் பாதியாகியிருக்கும். இரண்டும் ஏறத்தாழ சமமாகவே இருக்க வேண்டும். எம்மாவு படத்தின் ஈய வெள்ளையில், கிராமுக்கு நிமிடத்துக்கு ஈயம்-210 பக்கம் 8.5 சிதைவு, ரேடியம் பக்கம் 0.8. ‘பாதம் கழுவுதல்’ படத்தில் 12.6க்கு 0.26. எம்மாவு உண்மையில் முன்னூறு வருடப் பழசு என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால், தொடக்கத்தில் சுமார் 98,000 சிதைவு இருந்திருக்க வேண்டும். எந்த ஈயத் தாதுவும் அந்த அளவுக்கு வராது.

எம்மாவு படத்தைப் பாய்மன்ஸ் அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது. வான் மேகரன் பெயருக்கே ஒரு சந்தை உண்டாகிவிட்டதால் அவரது மகன் ஜாக் அப்பாவின் படங்களைப் போலியாகச் செய்து விற்கத் தொடங்கினார். எனவே ‘அசல் வான் மேகரன்’ என்று யாராவது விற்க வந்தால், அதற்கும் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற கைமாறிய வரலாற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.